பிப்ரவரியில் வடகம் காயுமா? பருவ முன்னோட்டத்தை வாசிக்கும் விதம்

ஜனவரி கடைசியில் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து பெரியம்மா போன் செய்தார். "தம்பி, மூணு மாசத்து மழைக் கணக்கு ஏதோ வந்திருக்காம். மழை கூடுறதுக்கு 50 விழுக்காடுன்னு மருமக படிச்சுச் சொன்னா. பாதிக்குப் பாதி கூடப் பெஞ்சா நான் எப்படி வடகம் போடறது?"

பெரியம்மாவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எட்டாவது மாடியில் வீடு. வீட்டு வாசலை ஒட்டிய பொது நடைபாதையில் காலை பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து நாற்காலிகளின் மேல் விரித்துக் கட்டி, கூழ் காய்ச்சி, ஸ்பூனால் வட்ட வட்டமாக ஊற்றி வைப்பார். மைனா வராமல் இருக்க நான்கு மூலையிலும் காய்ந்த மிளகாய் வைத்துப் பார்ப்பார். மைனா மிளகாயைப் பொருட்படுத்துவதில்லை, அது வேறு கதை. நாலு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால்தான் வடகம் துணியிலிருந்து 'சரக்' என்று உரிந்து வரும். இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டால் பாதி காய்ந்த கூழ் புளித்து, ஓரம் கறுத்து, அத்தனையும் குப்பைக்குத்தான் போகும்.

அந்த வார இறுதியில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். 50 விழுக்காடு என்றால் பாதி மழை கூடும் என்று அர்த்தம் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தது, இரண்டு மணி நேரப் பேச்சாகிவிட்டது. அவரிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பருவ முன்னோட்டத்தை, அதாவது வரும் மூன்று மாத மழையும் வெப்பமும் எப்படி இருக்கலாம் என்ற கணிப்பை, முதல்முறை பார்க்கும் எல்லாருக்கும் அதே இடத்தில்தான் குழப்பம் வருகிறது.

முதலில் நம் ஊரில் இந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உலகச் செய்திகளில் பிப்ரவரி, மார்ச் வந்தால் 'குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறக்கிறது' என்பார்கள். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் தங்கள் புத்தாண்டை வசந்த விழா என்றே சொல்கிறது. தமிழில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரை வந்தால் இளவேனில். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்ற பழமொழியைப் பெரியம்மா இன்றும் சொல்வார். சிங்கப்பூரில் பனி ஏது? நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 137 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறோம். ஆண்டின் குளிரான மாதத்துக்கும் சூடான மாதத்துக்கும் சராசரி வித்தியாசம் 2 டிகிரிகூட இல்லை.

ஆனால் குளிர்காலத்துக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சைபீரியா, மங்கோலியா பக்கம் குளிரில் காற்று கனத்து உறைந்து கிடக்கும். கனத்த காற்று தாழ்ந்த அழுத்தம் உள்ள இடத்தைத் தேடி வழியும். அந்தக் குளிர்காற்று சீனாவைத் தாண்டி, தென்சீனக் கடலின் வெதுவெதுப்பான நீர்மேல் ஓடி வரும் வழியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு நம்மை வந்து சேர்கிறது. இதுதான் வடகிழக்குப் பருவக்காற்று. சில நாள்களில் அது திடீரென்று வேகமெடுக்கும். அதைப் பருவக்காற்று எழுச்சி என்கிறார்கள். அப்போது இரண்டு மூன்று நாள் விடாமல் தூறும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும். வெப்பநிலை 22, 23 டிகிரிக்கு இறங்கும். இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.0 டிகிரி. 1989 பிப்ரவரி 14 அன்று பாய லேபாரில் பதிவானது. 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் வந்த எழுச்சியில், சாங்கி வானிலை நிலையத்தில் ஜனவரி மாதம் முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அதிகம் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் 'வடகிழக்குப் பருவமழை' என்றதும் ஐப்பசி, கார்த்திகையை நினைத்துக்கொள்கிறார்கள். பெயர் ஒன்றுதான், நாள்காட்டி வேறு. அங்கே அக்டோபரில் தொடங்கி டிசம்பர் கடைசியில் ஏறக்கட்டிவிடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் நீண்டு கிடக்கும் மழைமேக வரிசையான மழைப்பட்டை சூரியனின் பின்னால் தெற்கே நகர்ந்து வருவதால், அங்கே ஓயும்போதுதான் இங்கே உச்சம். நமக்கு டிசம்பர் தொடங்கி மார்ச் முற்பகுதிவரை அந்தப் பருவம். சென்னையிலிருக்கும் சொந்தக்காரர் "எங்களுக்கு மழை விட்டுப் போச்சு" என்று சொல்வதை வைத்து இங்கே துணி காயப்போட முடியாது.

சரி, அந்த மூன்று மாதமும் ஒரே மாதிரியா என்றால் இல்லை. இதில்தான் வடகத்துக்கு வழி இருக்கிறது. 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுச் சராசரியில் சாங்கியில் டிசம்பர் மழை சுமார் 332 மில்லிமீட்டர். ஜனவரியில் 222. பிப்ரவரியில் 105. மார்ச்சில் மறுபடி 152, ஏப்ரலில் 164. ஆண்டிலேயே மழை குறைந்த மாதம் பிப்ரவரிதான். அந்த நேரத்தில் மழைப்பட்டை இன்னும் தெற்கே, ஜாவா பக்கம் போய்விடுகிறது. நம்மேல் வீசுவது அதே வடகிழக்குக் காற்றுதான். ஆனால் அதில் ஈரம் குறைவு, மேகம் உயர்ந்து எழ விடாத காற்று. நாள் முழுக்கக் காற்று வீசிக்கொண்டே இருக்கும், வானம் வெளுத்திருக்கும், திடல்களில் புல் பழுப்பாகும். பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. ஆனால் சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு அரிசி ஊறவைப்பதை ஐம்பது ஆண்டாகப் பழக்கமாக வைத்திருக்கிறார்.

அந்த வறண்ட காலம் எவ்வளவு கடுமையாகப் போகலாம் என்பதற்கு 2014ஐப் பார்க்கலாம். ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் தொடர்ந்து மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அந்தப் பிப்ரவரி முழுவதற்கும் சாங்கியில் பதிவானது 0.2 மில்லிமீட்டர். மழை அளவு குறிக்கத் தொடங்கிய 1869இலிருந்து பார்த்தால் அவ்வளவு வறண்ட மாதம் வேறு இல்லை. 105 எங்கே, 0.2 எங்கே! சராசரி என்ற ஒற்றை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பிப்ரவரியைப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இங்கேதான் முன்னோட்டத்தின் கணக்கு தொடங்குகிறது. அதைப் பெரியம்மாவுக்குச் சொல்ல, காகிதத்தை 30 துண்டாகக் கிழித்தேன். ஒவ்வொரு துண்டும் ஒரு பிப்ரவரி என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். மிக வறண்ட பிப்ரவரி இடது கோடியில், மிக ஈரமானது வலது கோடியில் என்று சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கினோம். இடது கோடியில் முதல் சீட்டு 2014. வரிசை முடிந்ததும் பத்துப் பத்தாக மூன்று கட்டாகப் பிரித்தோம். இடது கட்டு 'வழக்கத்தைவிடக் குறைவு', நடுக்கட்டு 'வழக்கம்', வலது கட்டு 'வழக்கத்தைவிட அதிகம்'. முன்னோட்டத்தில் வரும் மூன்று பிரிவுகளும் இவைதான். வழக்கம் என்பது ஒற்றை எண் இல்லை, நடுவில் இருக்கும் பத்துப் பிப்ரவரிகளும் சேர்ந்த அகலம். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அப்புறம் கேட்டேன். "பெரியம்மா, கோயிலில் திருவுளச்சீட்டு போட்டுப் பார்ப்பது போல, இந்த 30 சீட்டையும் குலுக்கி ஒன்றை எடுத்தால் எந்தக் கட்டுச் சீட்டு வரும்?"

"எதுவும் வரலாம்."

"மூன்றுக்கும் சமவாய்ப்பு இல்லையா? ஆளுக்கு 33 விழுக்காடு. எதுவுமே தெரியாதவன் சொல்லக்கூடியது அவ்வளவுதான். இப்போது வானிலை ஆய்வாளர்கள் கடலின் சூட்டைப் பார்க்கிறார்கள், காற்றைப் பார்க்கிறார்கள், கணினி மாதிரிகளை ஓட்டுகிறார்கள். இந்த ஆண்டு பானையில் மழைக் கட்டுச் சீட்டுகள் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்கிறார்கள். பத்துச் சீட்டில் மழைக் கட்டு 5, நடுக்கட்டு 3, வறண்ட கட்டு 2. அந்த ஐந்துதான் உங்கள் மருமகள் சொன்ன 50 விழுக்காடு."

பெரியம்மா சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப வறண்ட சீட்டும் ரெண்டு கெடக்குல்ல?"

அதேதான். 50 விழுக்காடு என்பது மழையின் அளவு இல்லை, வாய்ப்பின் அளவு. எத்தனை மில்லிமீட்டர் பெய்யும் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறக்கவில்லை. மழைக் கட்டில் இருக்கும் பத்துப் பிப்ரவரிகளில் நடுக்கட்டை ஒட்டிய மெல்லிய ஈரமும் உண்டு, வெளுத்து வாங்கியதும் உண்டு. எந்தச் சீட்டு வரும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் வறண்ட சீட்டே வந்துவிட்டாலும் முன்னோட்டம் பொய் என்று ஆகிவிடாது. பத்தில் இரண்டு அது என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். பல ஆண்டு முன்னோட்டங்களைச் சேர்த்துப் பார்த்து, 50 என்று சொன்ன இடங்களில் ஏறக்குறையப் பாதி அப்படி நடந்திருக்கிறதா என்று கணக்கெடுப்பதுதான் அதைச் சோதிக்கும் முறை. ஒரு மாதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை தப்பியதும் 'இவர்கள் சொல்வது எதுவும் நடப்பதில்லை' என்று கைகழுவிவிடுகிறோம். அப்படிக் கைகழுவுவதால் நமக்குத்தான் நஷ்டம்.

இந்த வட்டாரத்துக்கான முன்னோட்டத்தைத் தயாரிப்பது ஆசியான் சிறப்பு வானிலை நிலையம். 1993இல் அமைக்கப்பட்ட அதைச் சிங்கப்பூர் வானிலை ஆய்வகம்தான் நடத்துகிறது. தென்கிழக்காசியா முழுவதற்குமான வரைபடம் அது. அதைப் பார்க்கும்போது இன்னொரு சிக்கல் வரும்: ஒரே வரைபடத்துக்குள் மூன்று பருவங்கள் இருக்கின்றன. பிப்ரவரியில் வட தாய்லாந்து, லாவோஸ், மியன்மார் பக்கம் வறண்ட காலத்தின் நடுப்பகுதி. ஜாவாவில் அதே பிப்ரவரி அடைமழைக் காலம். நாம் இரண்டுக்கும் இடையில், மழை விட்டு வெயில் ஏறும் கட்டத்தில்.

அதனால் வரைபடத்தில் ஒரே நிறம் பூசியிருந்தாலும் ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு. 'வழக்கத்தைவிட அதிக மழை' என்று வட தாய்லாந்துக்குச் சொன்னால், அங்கே மார்ச்சின் வழக்கமே சொற்ப மழைதான், அதைவிடக் கொஞ்சம் கூட என்று அர்த்தம். அதே வார்த்தையை ஜாவாவுக்குச் சொன்னால், ஏற்கெனவே நிரம்பி ஓடும் ஆறுகளில் இன்னும் தண்ணீர் சேரும் என்று அர்த்தம். வழக்கம் என்பது அந்த இடத்துக்கு, அந்த மாதத்துக்கு உரியது. வடக்கே வறட்சி கூடும் என்று சொன்னால் புகைமூட்டத்தையும் சேர்த்து நினைக்க வேண்டும். அங்கே காடும் வயலும் எரியும் மாதங்கள் இவைதான். நமக்குப் புகை என்றால் ஜூன் முதல் அக்டோபர்தான் நினைவுக்கு வரும். வட தாய்லாந்தில் இருப்பவருக்கு மார்ச், ஏப்ரலில்தான் மூச்சு முட்டும்.

இன்னொன்று, சிங்கப்பூர் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி. கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் நீளம்தான். ஊட்லண்ட்ஸில் கொட்டும்போது பிடோக்கில் வெயில் காய்வதை நாம் தினமும் பார்க்கிறோம். மூன்று மாத வரைபடம் அந்த வித்தியாசத்தைச் சொல்லாது, சொல்லவும் முடியாது.

வெப்பநிலை வரைபடம் கொஞ்சம் வேறு மாதிரி. அது பெரும்பாலும் 'வழக்கத்தைவிட அதிகம்' பக்கமே சாய்ந்திருக்கும். ஒப்பிடுவது 1991 முதல் 2020 வரையுடன். பூமி அதற்குப் பிறகும் சூடேறிக்கொண்டே போகிறது. அதாவது குலுக்கும் பானையிலேயே சூட்டுச் சீட்டுகள் நிரந்தரமாகக் கூடிவிட்டன. அந்தச் சிவப்பு நிறத்துக்குப் பழகிப்போய் அதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்பே இவர்களால் எப்படி எதையாவது சொல்ல முடிகிறது? நாளை மறுநாள் மேகம் எங்கே என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. காற்று சீக்கிரம் எல்லாவற்றையும் மறந்துவிடும். கடல் அப்படியில்லை. அது மெதுவாகச் சூடேறி, மெதுவாக ஆறும். பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் எல் நினோ, குளிர்ந்திருந்தால் லா நினா. எல் நினோவில் நம் பக்கம் மழைமேகங்கள் குறையும், லா நினாவில் கூடும். ஆனால் சிங்கப்பூர் மழையில் இது அழுத்தமாகத் தெரிவது ஆண்டின் நடுப்பகுதியில்தான். பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பிடி தளர்ந்திருக்கும். எல் நினோவின் சூடு மட்டும், அது அடங்கும் மாதங்களிலும் நம்மிடம் தங்கும்.

அதோடு, மார்ச் முதல் மே வரையிலான காலத்தைத் தாண்டி எல் நினோவைக் கணிப்பது எல்லாக் கணினி மாதிரிகளுக்கும் கடினம். பழைய எல் நினோவோ லா நினாவோ பொதுவாக அந்த மாதங்களில்தான் கலையும், புதியது முளைவிடும். எது எப்படித் திரும்பும் என்பதற்கான அறிகுறி அப்போது மிகவும் மெலிந்திருக்கும். ஆய்வாளர்கள் இதை வசந்தகாலத் தடை என்றே அழைக்கிறார்கள். ஆகவே மார்ச்சில் வெளிவரும் முன்னோட்டம் ஆண்டுக் கடைசியைப் பற்றி அடக்கி வாசித்தால், அதை நேர்மை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று இன்னொன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தக் கடலின் மேற்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் அது. அது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் தூங்கும். இந்தப் பருவத்துக்கு அதை விட்டுவிடலாம்.

கடைசியாக மேடன் ஜூலியன் அலைவு. 1971இல் அதை விவரித்த இரண்டு விஞ்ஞானிகளின் பெயர் அது. நிலநடுக்கோட்டை ஒட்டி மேகக்கூட்டம் ஒன்று மேற்கிலிருந்து கிழக்காக உலகைச் சுற்றி வரும். ஒரு சுற்றுக்கு 30 முதல் 60 நாள். அது நம் தலைக்கு மேல் வரும் வாரத்தில் மழை கூடும், கடந்து போனதும் வெளுக்கும். மூன்று மாத முன்னோட்டத்தில் இது பிடிபடாது. இரண்டு வாரக் கணிப்பில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, மார்ச்சுக்கு வருவோம். இந்தப் பருவமாற்றத்தை வரைபடம் இல்லாமலே கண்ணால் பார்க்கலாம். மார்ச் 20, 21 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டின் மேல் நிற்கிறது. இரண்டு மூன்று நாள் கழித்து நம் தலைக்கு நேர்மேலே வருகிறது. மார்ச் 23ஐ ஒட்டி, மதியம் ஒன்று பத்து வாக்கில் புளோக்கின் கீழே உள்ள ஒரு விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். அதன் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுவதால்தான் பன்னிரண்டு மணிக்கு இல்லாமல் ஒன்று பத்துக்கு.

வடக்கே சைபீரியா இளகத் தொடங்கும். அழுத்தம் குறையும். இத்தனை நாள் ஒரே திசையிலிருந்து வீசிய காற்று தளர்ந்து, திசை தெரியாமல் நிற்கும். காலையில் வெயில் கொளுத்தும். மதியம் இரண்டு பக்கக் கடற்காற்றும் தீவின் நடுவில் மோதும். மேலே போக வழி கிடைத்த ஈரம் கோபுரம் போல எழுந்து, மூன்று நான்கு மணிக்கு இடியும் மின்னலுமாக இறங்கும். ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். சில நாள் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து கிளம்பும் புயல்மழை வரிசையாக வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போகும். சிங்கப்பூரில் இதுவரை பதிவான அதிக வெப்பநிலை 37.0 டிகிரி. 1983 ஏப்ரல் 17 அன்று தெங்காவிலும், 2023 மே 13 அன்று அங் மோ கியோவிலும் அது பதிவானது. இரண்டுமே இந்தக் காற்றில்லாத இடைக்காலத்தில்தான்.

இந்த மாற்றம் தேதி பார்த்து வருவதில்லை. வறண்ட காலம் என்று நினைத்திருந்த 2025 மார்ச் 19, 20இல் ஒரு பருவக்காற்று எழுச்சி வந்து இரண்டு நாள் ஊரையே நனைத்தது.

எனவே வடகத்துக்கு நான் பெரியம்மாவிடம் சொன்ன வழி இதுதான். எந்த மாதம் என்று முடிவெடுக்கப் பருவ முன்னோட்டம். இந்த ஆண்டு மழைச் சீட்டு கூடுதல் என்றால் ஒரே மூச்சில் ஐந்து கிலோ அரிசி ஊறவைக்க வேண்டாம், இரண்டு தவணையாகப் போடலாம். எந்த வாரம் என்று பார்க்க, வானிலை ஆய்வகம் மாதத்துக்கு இரண்டு முறை வெளியிடும் இரண்டு வாரக் கணிப்பு. எந்த நாள் கூழ் காய்ச்சுவது என்பதற்கு நான்கு நாள் முன்னுரைப்பு. வேட்டியை எப்போது சுருட்டி உள்ளே எடுப்பது என்பதற்கு இரண்டு மணி நேர முன்னுரைப்பும் வடக்குப் பக்க வானமும். பெரிய கணிப்பிடம் சின்னக் கேள்வியைக் கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது.

பெரியம்மா முதல் தவணையைப் பிப்ரவரி இரண்டாம் வாரம் போட்டார். மூன்றாம் நாள் மாலை ஒரு தூறல் வந்தது. எதிர்வீட்டு மலாய் அம்மா பார்த்துக் கதவைத் தட்ட, இருவருமாக வேட்டியை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். மறுநாள் வெயிலில் காய்ந்து உரிந்து வந்தது. எதிர்வீட்டுக்கு ஒரு டப்பா போனது. 30 துண்டுச்சீட்டும் இன்னும் அவர் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்டு மூன்று கட்டாக இருக்கின்றன. மார்ச்சுக்கும் அதே மாதிரி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், மோர் மிளகாய் போட வேண்டுமாம்.